நான் சொன்னேனே!



தாத்தா, நீங்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பின்னால் இருந்தால் காது கேட்காது. கேட்காமல் போவது பற்றித்தான் இன்றைய பேச்சே.

இன்று புதிய எழுத்து எதுவும் சொல்லித் தரப் போவதில்லை. பலகையில் இரண்டு மூன்று படம் மட்டும் போடுவேன். ஒருவர் வாயிலிருந்து கிளம்பும் சேதி இன்னொருவர் மனதில் எப்படிப் போய்ச் சேருகிறது? நடுவில் எங்கே தவறிப் போகிறது? இதை வெளிநாட்டில் படித்தவர்கள் சிலர் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். அந்தப் படங்களை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்தப்பாவிடமும் ஆயாவிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு சித்தப்பா கத்தரித் தோட்டத்துக்குப் பூச்சி மருந்து அடித்தார். கொஞ்சம் மீந்து போனது. டப்பாவின் மூடி உடைந்திருந்தது. வீட்டில் காலியாகக் கிடந்த இருமல் டானிக் பாட்டிலில் மீதியை ஊற்றினார். அதைக் கொண்டுவந்து மாடத்தில் வைத்தார். அடுப்படியில் இருந்த ஆயாவிடம், "அம்மா, மாடத்துல மருந்து இருக்கு, பத்திரம்" என்று சொன்னார். ஆயாவும் "சரிப்பா" என்றார். சித்தப்பா மறுபடியும் நிலத்துக்குப் போய்விட்டார்.

ஆயாவுக்கு அப்போது இரண்டு நாளாக இருமல். ராத்திரி இருமல் அதிகமானது. கரண்ட் இல்லை. யாரையும் எழுப்ப வேண்டாம் என்று அவரே எழுந்து மாடத்தைத் துழாவினார். டானிக் பாட்டில் கையில் பட்டது. மூடியில் ஊற்றி வாயில் விட்டுக்கொண்டார். நாக்கில் பட்டதும் எரிந்தது. பாதியைத் துப்பிவிட்டார். பாதி உள்ளே போய்விட்டது.

108-க்குப் போன் செய்தோம். வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து குடித்தார்?" எங்களுக்குப் பெயர் தெரியாது. கையில் கொண்டு போனது டானிக் பாட்டில். அதன் மேல் இருமல் மருந்தின் பெயர்தான் இருந்தது. எந்த விஷம் என்று தெரிந்தால்தான் சரியான வைத்தியம் செய்ய முடியும் என்றார் டாக்டர். சித்தப்பா திரும்பி வந்து, டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு வரப்பில் அந்தப் பழைய டப்பாவைத் தேடினார். பாதி கிழிந்த லேபிளோடு கிடைத்தது. எட்டு நாள் கழித்து ஆயா வீட்டுக்கு வந்தார். எங்கள் நல்ல காலம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "நான் சொன்னேனே! மருந்து இருக்கு, பத்திரம்னு சொன்னேனே!"

கண் திறந்த பிறகு ஆயா சொன்னது இது. "நானும் அதைத்தானே கேட்டேன். என் இருமலுக்குப் புள்ள மருந்து வாங்கி வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

சித்தப்பா பொய் சொல்லவில்லை. ஆயாவும் பொய் சொல்லவில்லை. ஒருவர் சொன்னார், ஒருவர் கேட்டார். அப்படியானால் தப்பு எங்கே நடந்தது? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் விடவில்லை. பிறகு ஒரு புத்தகத்தில் இந்தப் படங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு படத்தையும் எங்கள் வீட்டு மாடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் படம் 1948-ஆம் ஆண்டு வந்தது. போட்டவர் கிளாட் ஷானன் என்ற அமெரிக்க இன்ஜினியர். பெல் என்ற டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக் கூடத்தில் வேலை பார்த்தவர். அதனால் அவர் படம் ஒரு டெலிபோன் மாதிரியே இருக்கும். இதோ போடுகிறேன். இந்தக் கடைசியில் சேதி பிறக்கும் இடம். அடுத்தது அதை அனுப்பும் கருவி. நடுவில் ஒரு கம்பி, அதாவது வழி. அந்தப் பக்கம் வாங்கும் கருவி. கடைசியில் சேதி போய்ச் சேரும் ஆள். நடுக் கம்பியின் மேல் பக்கவாட்டில் ஒரு அம்பு குத்துகிறது, பாருங்கள். அதற்குப் பெயர் இரைச்சல்.

இரைச்சல் என்றால் உங்களுக்கு விளக்கவே வேண்டாம். நகரிப் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தறி ஓடும்போது பக்கத்து ஆள் பேசுவது கேட்குமா? காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையைக் காட்ட வேண்டும். அதாவது வழியை மாற்றிக்கொள்கிறீர்கள். காது வழி அடைத்துவிட்டது, கண் வழியில் அனுப்புகிறீர்கள். ஷானன் காகிதத்தில் எழுதியதை நீங்கள் தறி மேடையிலேயே செய்துவிட்டீர்கள்.

இரைச்சலுக்கு அவர் சொன்ன ஒரு வைத்தியம், சேதியை அளந்து கொடுக்காமல் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பது. கண்டக்டர் "நகரி நகரி நகரி" என்று ஏன் மூன்று தரம் கத்துகிறார்? ஒன்று ஹாரன் சத்தத்தில் போகும். ஒன்று கூட்டத்தில் போகும். ஒன்றாவது நம் காதில் விழும். அந்தக் காலத்தில் தண்டோரா போட்டவரும் சொன்னதையேதான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்.

சரி, எங்கள் வீட்டில் நடந்தது இரைச்சலால் வந்த வினையா? இல்லை. டி.வி. ஓடவில்லை. தறி ஓடவில்லை. சித்தப்பா சொன்ன சொல் ஒன்றுகூட விடாமல் ஆயா காதில் விழுந்தது. ஷானன் படத்தின்படி பார்த்தால் சேதி சரியாகச் சேர்ந்துவிட்டது! சேதியின் அர்த்தம் என்ன என்பது என் வேலை இல்லை, கம்பியில் சரியாகப் போகிறதா என்பதுதான் இன்ஜினியரின் வேலை என்று அவரே எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. லைன்மேன் வந்து கம்பியைத்தான் பார்ப்பார், நம் குடும்பச் சண்டையைப் பார்க்க மாட்டார்.

மறு வருடமே, 1949-இல், வாரன் வீவர் என்பவர் அந்தப் படத்துக்கு விளக்கம் எழுதினார். அவர் மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். அனுப்பிய சொல் சரியாக வந்ததா? அனுப்பியவர் நினைத்த அர்த்தத்திலேயே வந்ததா? அனுப்பியவர் விரும்பியபடி கேட்டவர் நடந்தாரா? எங்கள் வீட்டில் முதல் கேள்விக்குப் பதில் ஆமாம். இரண்டாவதில் விழுந்தோம். மூன்றாவதில் ஆயாவின் உயிர் போகப் பார்த்தது.

"மருந்து" என்ற சொல்லைப் பாருங்கள். காய்ச்சலுக்குச் சாப்பிடுவது மருந்து. செடிக்கு அடிப்பதும் மருந்து. ஒன்று உயிரைக் காப்பாற்ற, ஒன்று உயிரைக் கொல்ல. கத்தரிக்காய்க்கு அது மருந்துதான். புழுவிடம் கேட்டால் வேறு பெயர் சொல்லும்.

நம் ஊரில் இது இன்னும் சிக்கல். நமக்கு இரண்டு மொழி. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நாம் ஆந்திராவிலேயே இருந்தோம். எல்லைக் கோடு நிலத்தில்தான் விழுந்தது, வாயில் விழவில்லை. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சந்தையில் இரண்டும். தெலுங்கில் "மந்து" என்கிறோம். மாத்திரையும் மந்து, பூச்சிக்கு அடிப்பதும் மந்து, சாராயமும் மந்து. "மந்து கொட்டினான்" என்றால் தோட்டத்துக்கு அடித்தானா, தன் தொண்டையில் ஊற்றினானா? சிரிக்கிறீர்கள். ஆளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறீர்கள். வெளிச்சத்தில் தெரியும். இருட்டில் மாடத்தைத் துழாவும்போது தெரியாது.

"பத்திரம்" என்ற சொல்லும் அப்படித்தான். சித்தப்பா "ஆபத்து, கிட்டே போகாதே" என்று நினைத்துச் சொன்னார். "நல்ல பொருள், சிந்திவிடாமல் பார்த்துக்கோ" என்று ஆயா எடுத்துக்கொண்டார். நகையையும் பத்திரமாகத்தான் வைக்கிறோம்.

இந்த இடத்தில் இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். ஹெரால்ட் லாஸ்வெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர். அவரும் 1948-இல்தான் எழுதினார். யார் சொன்னார், என்ன சொன்னார், எந்த வழியில் சொன்னார், யாருக்குச் சொன்னார், அதனால் என்ன விளைந்தது என்று ஐந்து கேள்வி கேட்டால் போதும் என்றார். எனக்குப் பள்ளியில் பாடம் எடுத்த தமிழய்யாவிடம் இதைக் காட்டினேன். அவர் சிரித்தார். "தொல்காப்பியத்தில் செய்யுளியல் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒரு பாட்டுக்கு வேண்டிய உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன் எல்லாம் அதில் வருகிறது" என்றார். கூற்று என்றால் பேசுவது. கேட்போர் என்றால் காது கொடுப்பவர். களன் என்றால் இடம். அது பாட்டுக்குச் சொன்ன இலக்கணம், டெலிபோனுக்குச் சொன்னது அல்ல. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாஸ்வெல்லின் ஐந்து கேள்வியில் இடமும் காலமும் இல்லை. எங்கள் வீட்டு விஷயத்தில் அவை இரண்டும்தான் முக்கியம். பகலில் அடுப்படியில் சொன்ன சொல், ராத்திரி இருட்டில், இருமலின் நடுவில், மாடத்தின் முன்னால் வேறு அர்த்தம் கொடுத்துவிட்டது.

இப்போது மூன்றாவது படம். இது 1954-இல் வில்பர் ஷ்ராம் என்பவர் போட்டது. எனக்குப் பிடித்த படம் இதுதான். இரண்டு பெரிய வட்டம் போடுகிறேன். ஒன்று சொல்பவரின் வாழ்க்கை. இன்னொன்று கேட்பவரின் வாழ்க்கை. அவரவர் பார்த்தது, பட்டது, பழகியது எல்லாம் அதனதன் உள்ளே இருக்கிறது. இரண்டு வட்டமும் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறது பாருங்கள். அந்தப் பொது இடத்துக்குள் இருக்கும் சேதிதான் சுலபமாகப் போய்ச் சேரும். சித்தப்பாவின் வட்டத்தில் அன்று முழுவதும் தோட்டம், புழு, ஸ்பிரேயர். ஆயாவின் வட்டத்தில் இருமல். "மருந்து" என்ற சொல் இரண்டு வட்டத்திலும் இருந்தது. ஆனால் ஒரே பொருளாக இல்லை.

இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

பூச்சி மருந்து டப்பாவின் மேல் ஒரு குறி இருக்கும். சதுரத்தைச் சாய்த்து நிறுத்தியது போல இருக்கும். கீழ்ப் பாதியில் ஒரு நிறம். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1971-இல் வந்த விதிகளில் இந்தக் குறி உண்டு. சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், மேலே மண்டை ஓடும் இருக்கும். அதற்கு அடுத்தது மஞ்சள். அதற்கும் குறைவு நீலம். எல்லாவற்றிலும் குறைவு பச்சை. படிக்கத் தெரியாதவரும் பார்த்துத் தெரிந்துகொள்ள நல்ல ஏற்பாடு. ஆனால் நான்கு நிறத்துக்கும் அர்த்தம் இதுதான் என்று வாங்குகிறவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சித்தப்பா வாங்கியது மஞ்சள். லேபிளில் அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.

ஆயா வீட்டுக்கு வந்த பிறகு, நம் வகுப்பில் இதை எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நான்கு நிறத்திலும் சாக்பீஸ் வாங்கிவந்தேன். பலகையில் பெரிதாகப் போட்டேன். அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் "புரிந்ததா?" என்று கேட்டேன். எல்லாரும் "புரிஞ்சுதுங்க" என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு நாள் கழித்து ஒரு அக்கா வழியில் பார்த்துப் பேசினார். "நீ சொன்னது நல்லதாப் போச்சும்மா. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பச்சை போட்டதா வாங்கிட்டு வரச் சொன்னேன். அரிசி மூட்டைக்குப் பக்கத்துலயே வெச்சுட்டேன். அது ஒண்ணும் பண்ணாதில்ல?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் அப்படி நினைத்தீர்கள் என்று கேட்டேன். "பிஸ்கட் பாக்கெட்டுல பச்சைப் புள்ளி போட்டிருந்தா சைவம், சாப்பிடலாம்னு எம் பேத்தி சொல்லிக் கொடுத்தா. அதே பச்சைதானே?" என்றார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? பிஸ்கட் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி சைவம் என்பது உண்மைதான். அவருடைய வட்டத்தில் பச்சைக்கு ஏற்கெனவே ஒரு அர்த்தம் உட்கார்ந்திருந்தது. நான் அதைக் கேட்காமல் அதன் மேலேயே என் அர்த்தத்தை ஊற்றினேன், டானிக் பாட்டிலில் பூச்சி மருந்தை ஊற்றியது போல. பச்சை என்றால் மற்றதைவிடக் குறைந்த விஷம். விஷம் இல்லை என்று அர்த்தம் இல்லை. உடனே அந்த அக்கா வீட்டுக்கு அவரோடு போய், அரிசிக்குப் பக்கத்திலிருந்து அதை எடுக்க வைத்தோம்.

அன்றிலிருந்து "புரிந்ததா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். புரியவில்லை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் மனசு நோகும், நமக்கும் கௌரவக் குறைவு. டாக்டர் கேட்டாலும் "சரிங்க", பேங்கில் கேட்டாலும் "சரிங்க", சம்பந்தி கேட்டாலும் "சரிங்க". ஆயா சித்தப்பாவிடம் சொன்னதும் அந்தச் "சரிப்பா"தான்.

அதற்குப் பதிலாக, திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். சில நாடுகளில் டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் இதைப் பயிற்சியாகவே கொடுக்கிறார்கள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, நோயாளியை அவர் சொந்த வார்த்தையில் சொல்ல வைப்பது. ஆனால் நம்மிடம் அதைக் கேட்கும் விதம் இருக்கிறது. என் வயதுப் பெண் உங்களைப் பார்த்து "எங்கே, சொல்லுங்கள்" என்றால் பரீட்சை வைப்பது போல இருக்கும். அதனால் பழியை என் மேல் போட்டுக்கொள்வேன். "நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம் அக்கா. வீட்டுக்குப் போனால் மாமாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்பேன். அப்போது வரும் பதிலில் பச்சைப் புள்ளி எல்லாம் வெளியே வந்துவிடும்.

ஷ்ராம் படத்தில் அம்பு அந்தப் பக்கம் போவதோடு நிற்பதில்லை. இந்தப் பக்கமும் திரும்பி வருகிறது. கேட்டவரும் சொல்பவர் ஆகிறார். அப்படித் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் நடந்தது.

1990-களின் தொடக்கத்தில் அங்கே எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அவர்கள் படித்த புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒன்று இருந்தது. சாராயத்தால் குடும்பம் சீரழிந்த கதை. தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் அதைப் படித்தார்கள். படித்துவிட்டு மூடி வைக்கவில்லை. இது நம் வீட்டுக் கதைதானே என்று பேசத் தொடங்கினார்கள். புத்தகத்தின் வட்டமும் அவர்கள் வட்டமும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று பொருந்திவிட்டது. 1992-இல் அவர்கள் கூடி நின்று ஊரில் இருந்த சாராயக் கடையை மூட வைத்தார்கள். ரோசம்மா என்ற பெண்ணின் பெயர் அதில் பெரிதாகப் பேசப்பட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு வியப்பு. தூபகுண்டா பெண்கள் செய்ததே அடுத்த புத்தகத்தில் ஒரு பாடமாக வந்தது. பெண்கள் ஒன்றுபட்டால் என்று அர்த்தம் வரும் தலைப்பு. அதை மற்ற ஊர்ப் பெண்கள் படித்தார்கள். அவர்கள் ஊரிலும் கடை முன்னால் போய் நின்றார்கள். பாடம் கேட்டவர்களே பாடம் ஆகிவிட்டார்கள். ஊர் ஊராகப் பரவி, 1993-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ஆந்திரா முழுவதும் சாராயத்துக்கு அரசு தடை போட்டது. 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது, 1997-இல் அது தளர்த்தப்பட்டது. அது வேறு பேச்சு, இன்னொரு நாள் பேசலாம். ஒருபக்க அம்பாக ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து மைக்கில் "குடி கெடுதல்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் இது நடந்திருக்குமா? மைக்கில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்!

எங்கள் வீட்டு மாடத்தில் இப்போது எண்ணெயும் தீப்பெட்டியும் மட்டும்தான். பூச்சி மருந்து வீட்டுக்குள் வருவதில்லை. மோட்டார் கொட்டகையில் பூட்டுப் போட்ட பெட்டியில், வாங்கிய டப்பாவிலேயே இருக்கிறது. வேறு பாட்டிலுக்கு மாற்றுவதில்லை. ஆயா நம் வகுப்பில் சேர்ந்து முதலில் எழுதக் கேட்டது தன் பெயரை அல்ல. "வி, ஷ, ம்" என்ற மூன்று எழுத்தை எழுதிக் கொடு என்றார். பிறகு அதையே தெலுங்கிலும் எழுதப் பழகினார், கூலிக்கு வருபவர்களில் தமிழ் படிக்காதவர்கள் உண்டு என்று. பெட்டியின் மேல் இருக்கும் இரண்டு எழுத்தும் அவர் கையெழுத்துதான். கொஞ்சம் கோணலாக இருக்கும். சித்தப்பா மருந்து அடித்துவிட்டு வந்தால் ஆயா விடுவதில்லை. "எங்க வெச்சே? எதுல வெச்சே? சாவி யார்கிட்ட? சொல்லு" என்பார். சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே சொல்வார்.

சரி, இப்போது ஒரு காகிதம் கொடுக்கிறேன். இதில் நான்கு நிறமும் வரைந்திருக்கிறேன். கீழே இரண்டு வரி இருக்கிறது. தவறிப்போய் யாராவது குடித்துவிட்டால் நாமாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, 108-க்குச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். முன் வரிசையில் இருக்கும் அக்கா முதலில் படியுங்கள். பார்த்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு வாயால் சொல்லுங்கள். அவர் அடுத்தவருக்குச் சொல்லட்டும். கடைசியாகத் தாத்தாவுக்கு வரட்டும். தாத்தா, உங்களுக்கு என்ன வந்து சேர்ந்ததோ, அதை எனக்குச் சொல்லுங்கள். பச்சைக்கு என்ன வருகிறது என்று பார்ப்போம்.